செயலாளர் அறிக்கை 2024/2025: வைரஸ் படிக்கிற பிள்ளைகளும் கூட்டத்துக்கு வராத அங்கத்தவர்களும்

தலைவர், போஷகர், வந்திருக்கிற அங்கத்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம். வராத ஆக்களுக்கும் இது போய்ச் சேரவேண்டும் என்பதால் இம்முறை வாசிப்பதோடு விடாமல் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். நீளம் என்று குறை சொல்லவேண்டாம். போன வருட அறிக்கை ஒன்றரைப் பக்கம்தான், அதையும் ஒருவரும் வாசிக்கவில்லை.

வழமையானதை முதலில் முடித்துவிடுகிறேன். வாணி விழா நடந்தது. இரத்ததான முகாம் நடந்தது. சாதாரண தரப் பிள்ளைகளுக்கான விஞ்ஞானக் கருத்தரங்கு இரண்டு நாள், இரண்டாம் நாள் மழை. நிர்வாகக் கூட்டம் ஒன்பது தரம் கூட்டினோம், மூன்று தரம் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆள்தொகை) இல்லாமல் கலைந்தது. அந்த மூன்றில் ஒன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி நீங்கள் எல்லாரும் வெளியில் நின்று கதைக்கிற விடயம். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வைரசியலில் பயிற்சி எடுத்துக் கொடுக்கிற திட்டம். "உமக்கு ஏன் காணும் இந்த வைரஸ் விசர், அந்தக் காசுக்கு வாசிகசாலைக்கு முன்னால் ஒரு வளைவு கட்டியிருக்கலாமே" என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் கேட்டார். சரி, பதில் சொல்கிறேன். 2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த கையோடு வடமராட்சிப் பக்கம் காய்ச்சல் பரவிச் சிலர் இறந்தபோது எங்கள் குழுவிலேயே "புது வைரஸ்" என்று எத்தனை குரல்பதிவு ஓடியது? கடைசியில் அது எலிக்காய்ச்சல். பற்றீரியா, வைரஸே இல்லை, நேரத்துக்குக் கொடுத்தால் அன்ரிபயோட்டிக்குக்குக் கட்டுப்படுகிற சாமான். எது எது என்று ஆய்வுகூடத்தில் இருந்து பிரித்துச் சொல்லத் தெரிந்த ஆக்கள் இந்த மண்ணிலேயே இருக்கவேண்டும். 2020இல் கொரோனா வந்தபோது யாழ் மருத்துவபீடத்திலேயே பி.சி.ஆர். செய்யக்கூடியதாக இருந்தபடியால் எவ்வளவு அலைச்சல் குறைந்தது என்று அப்போது தனிமைப்படுத்தலில் இருந்த அங்கத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

டெங்குவும் அப்படித்தான். 2017இல் இலங்கை முழுவதும் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேல் ஆக்களுக்கு வந்தது. நல்ல தண்ணீரில் மட்டும்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும் என்று நான் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் படிப்பித்தேன். கரையோர உவர்நீரிலும் அது பெருகுகிறது என்று காட்டியது எங்கள் யாழ் பல்கலைக்கழக விலங்கியல் துறை ஆக்கள்தான். வீட்டு வாசலில் ஆய்வு கிடக்கிறது, செய்யக் கை வேண்டும்.

கை என்று சும்மா சொல்லவில்லை. ஐப்பசியில் இருந்து வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சனசமூக நிலையத்துப் பின்னறையில் பிப்பெற் (துளியளவு திரவத்தை உறிஞ்சி அளந்து விடுகிற கருவி) பழக்கினோம். பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பில் இருபது முப்பது பேர் நின்றால் ஒரு பிள்ளையின் கையில் பிப்பெற் எத்தனை நிமிடம் இருக்கும், நீங்களே சொல்லுங்கள். எங்களிடம் இருந்தது இரண்டு பழைய மைக்குரோபிப்பெற், ஒரு சட்டி பீற்றூட் தண்ணீர், நகைக்கடை வைத்திருக்கிற அங்கத்தவர் ஒருவர் தந்த மில்லிகிராம் தராசு (அவருக்குச் சந்தா பாக்கியும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்). நூறு மைக்குரோலீற்றர் தண்ணீர் என்றால் தராசு நூறு மில்லிகிராம் காட்டவேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. மேலே இருக்கிற பொத்தானைப் பெருவிரலால் முதல் தடை வரை அமத்தி, நுனியைத் தண்ணீரில் கொஞ்சம்போல வைத்து, பெருவிரலை மெல்ல விடவேண்டும். கெதியாக விட்டால் காற்று ஏறும். இரண்டாவது தடை வரை அமத்துவது வெளியே விடும்போதுதான், எடுக்கும்போதே அங்கே போனால் அளவுக்கு மேல் வந்துவிடும். மூன்றாம் வருடப் பிள்ளை ஒன்று முதல் நாள் 118 எடுத்தது, அடுத்தது 91. முகம் சுருங்கிப்போச்சு. நாலாவது வெள்ளி பத்துத் தரம் தொடர்ந்து 99க்கும் 101க்கும் நடுவில் நின்றது. மேசைவிரிப்பில் இருக்கிற சிவப்புக் கறை அதனால் வந்ததுதான், பொருளாளர் இனிமேல் கேட்கவேண்டாம்.

அப்புறம் கொழும்பு. விடுமுறையில் நாலு கிழமை ஆய்வுகூடங்களில் இருந்து பழக இடம் கேட்டுக் கடிதங்கள் எழுதினோம். "வைரசியலில் மிகுந்த ஆர்வம் உண்டு ஐயா" என்று எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவர்கள் அண்மையில் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வாசித்து, அதில் ஒரு கேள்வி கேட்டு, எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை வரமுடியும், என்ன செய்யத் தெரியும் என்று பத்து வரியில் எழுதவேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தவே இரண்டு மாதம் போனது. ஆனால் ஒரு ஆய்வுகூடம் எங்கள் பிள்ளைகள் நாலு பேரையும் எடுக்கச் சம்மதித்தது, மே மாதம் வரச்சொல்லி.

அங்கேதான் இடி. இரத்த மாதிரிகளோடு வேலை செய்கிற இடத்துக்குப் போகிற பிள்ளை ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசி முழுவதும் போட்டிருக்கவேண்டும் என்றார்கள், அது நியாயம். அந்த ஊசி மூன்று தரம்: முதலாவது, ஒரு மாதத்தில் இரண்டாவது, முதலாவதில் இருந்து ஆறு மாதத்தில் மூன்றாவது. மே மாதம் உள்ளே போக முதல் ஊசியை ஒக்டோபரில் போட்டிருக்கவேண்டும். நான் ஒக்டோபர் நிர்வாகக் கூட்டத்தில் "தடுப்பூசிச் செலவு" என்று நிகழ்ச்சிநிரலில் ஐந்தாவதாகப் போட்டிருந்தேன், தாள் இன்னும் கோவையில் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு வந்தது நாலு பேர். ஒருவருக்குக் கலியாண வீடு, ஒருவருக்கு முழங்கால், மற்றவர்களுக்குக் காரணமும் இல்லை. நான் அடுத்த கிழமையே திரும்பக் கூட்டியிருக்கலாம், கோபத்தில் விட்டுவிட்டேன், அது என் பிழை. ஆனால் ஐந்தாவது விடயம் நிறைவேறியிருந்தால் மூன்று பிள்ளைகள் மே மாதம் வீட்டில் இருந்திருக்கமாட்டார்கள்.

போனது ஒரே ஒரு பிள்ளை, முன்பே ஊசி போட்டிருந்தபடியால். முதல் கிழமை முழுவதும் போத்தலில் பெயர் ஒட்டுவதும் கழிவை அவிப்பதும்தான் வேலை என்று அழாத குறையாகச் செய்தி போட்டது. பொறு பிள்ளை என்றேன். மூன்றாம் கிழமை இரவு எட்டு மணிக்கு அழைப்பு: "சேர், நேற்றுப் பாய் விரிச்ச மாதிரி ஒட்டிக் கிடந்த கலங்கள் இண்டைக்கு உருண்டு கழண்டு மிதக்குது!" வைரஸ் ஏறிய கலத்தைக் கண்ணால் கண்டுவிட்டது. பயிற்சிக்கு ஒரு சதமும் அவர்கள் வாங்கவில்லை. செலவு முழுவதும் வெள்ளவத்தையில் அறை வாடகையும் சாப்பாடும் பஸ்ஸும்.

மிச்ச மூன்று பேரையும் சும்மா விடவில்லை, செடி வைரஸ் பக்கம் திருப்பப் பார்த்தோம். மனிதரின் இரத்தம் என்றால் நெறிமுறைக் குழு அனுமதி, அதற்கு மாதக்கணக்கு. மிளகாய் இலைக்கு யாரிடம் அனுமதி கேட்பது? தோட்டக்காரரிடம் கேட்டால் போதும், பிடுங்கிக்கொண்டு போ என்பார். வெண் ஈ பரப்புகிற இலைச்சுருள் வைரசின் மரபுப்பொருள் டி.என்.ஏ., அது ஆர்.என்.ஏ. மாதிரிக் கெதியாகச் சிதைகிற தொட்டாற்சிணுங்கி இல்லை. இலையை ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா மணியோடு பையில் போட்டுக் காய வைத்தால் மின்வெட்டு வந்தாலும் மாதிரி பழுதாகாது. ஒருவர் இப்போது இறுதி வருட ஆய்வை அதிலேயே எடுத்திருக்கிறார். இன்னொருவர் நீர்வேலி வாழையில் குருத்துக் கொத்தாகி நிற்கிற நோயைப் பார்க்கிறார். மூன்றாமவர் கடைசிவரை பதில் தரவில்லை.

"செடி நோய் வைரசியலா" என்று சிரித்தவர்களுக்கு ஒன்று. வைரஸ் என்று ஒன்று இருப்பதற்கான முதல் தடயமே புகையிலை இலையில் கிடைத்தது. பற்றீரியாவை மறிக்கிற பீங்கான் வடியில் நோய் பிடித்த இலைச்சாற்றை வடித்துவிட்டும் அது நோயைக் கொடுக்கிறது என்று 1892இல் இவானோவ்ஸ்கி கண்டார். 1898இல் பெய்ஜெரிங்க் அதற்கு வைரஸ் என்று பெயர் வைத்தார். புகையிலை விற்றுக் கல்வீடு கட்டிய ஊர்க்காரர் நாங்கள் இதற்குச் சிரிக்கலாமா?

மேற்படிப்பு பற்றி இரண்டு வரி. ஸ்ரீ ஜெயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தில் டெங்கு, கொரோனா ஆய்வு பெரிய அளவில் நடக்கிறது. இந்தியாவில் 1952இல் தொடங்கிய புனே தேசிய வைரசியல் நிறுவனம் இருக்கிறது. இந்திய அரசின் புலமைப்பரிசில், பொதுநலவாயப் புலமைப்பரிசில் அறிவித்தல்களை வாசிகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன். யாரோ அதன் மேல் மரண அறிவித்தல் ஒட்டுகிறார்கள்.

கணக்கைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். சுருக்கமாக, வந்தது போனது ஏறக்குறையச் சரி, கொஞ்சம் என் கையால் போனது, அதைத் திருப்பிக் கேட்கவில்லை. சந்தா வருடத்துக்கு 500 ரூபாய். மூன்று வருடமாகக் கட்டாதவர்கள் பெயரை வாசிக்கப்போவதில்லை, ஆனால் அவர்களில் இரண்டு பேர் பிள்ளைகளின் வேலைக்கு நற்சான்றிதழ்க் கடிதம் கேட்டு இந்த வருடமும் என் வீட்டுக்கு வந்தார்கள், எழுதிக் கொடுத்தேன்.

தலைவருக்கும் போஷகருக்கும் கணக்காய்வாளருக்கும் ரீ ஊற்றித் தந்த மாதர் சங்கத்துக்கும் நன்றி.

அடுத்த வருடம் நான் செயலாளராக இருப்பேனா என்பது உங்கள் விருப்பம், எனக்கும் பிரசர் இருக்கிறது. யார் இருந்தாலும், அடுத்த பயிற்சிக்கு ஏழு பிள்ளைகள் பெயர் தந்திருக்கிறார்கள். வெள்ளவத்தைப் பக்கம் சில அங்கத்தவர்களுக்குப் பூட்டிக்கிடக்கிற வீடுகள் இருப்பதும், கனடாவில் இருந்து வரும்போது மட்டும் திறப்பதும் எனக்குத் தெரியும், யாரையும் குறித்துச் சொல்லவில்லை. முதல் ஊசி இந்த ஒக்டோபர் பத்துக்கு முன்னால் போட்டாகவேண்டும். சந்தாப் புத்தகத்தை வாசல் மேசையில் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், பேனையும் இருக்கிறது.

செயலாளர்