கலைவாணரின் படப்பெட்டிகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய படவுரிமையாளர்களுக்கும், பழைய பிரிண்டுகளைப் பாதுகாத்து வருபவர்களுக்கும்,

வணக்கம். கலைவாணர் என்று அழைக்கப்பட்ட நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன் நடித்த ஏதாவது ஒரு படத்தின் நெகடிவோ பிரிண்டோ உங்கள் கிடங்கில் இருந்தால், இந்த மடல் உங்களுக்குத்தான். பழைய படங்களை டிஜிட்டலாக்கும் வேலை இப்போது வேகமாக நடக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வேலை நடக்கிற விதத்தில் படம் பிழைக்கிறது, கலைவாணர் காணாமல் போகிறார்.

1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர், வில்லுப்பாட்டிலும் பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலும் தேறியவர். வில்லுப்பாட்டில் பாடுபவருக்குச் சமமாகப் பின்பாட்டுக்காரருக்கும் வேலை உண்டு. கேள்வி ஒரு பக்கம், பதில் மறுபக்கம், நடுவே விழும் இடைவெளியில் சிரிப்பு. திரைக்கு வந்தபோதும் அவர் தனி ஆளாக வரவில்லை. டி.ஏ. மதுரம், டி.எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி என்று ஒரு குழுவே உடன் வந்தது. நகைச்சுவைப் பகுதியைத் தங்களுக்குள்ளேயே எழுதி, ஒத்திகை பார்த்து, தனியாகப் படமாக்கிக் கொடுத்தார்கள். ‘சந்திரலேகா’வில் (1948) அவரும் மதுரமும் வரும் பகுதி, லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டிருந்த அவர் 1947இல் விடுதலையான பிறகு சேர்க்கப்பட்டது. தனியாகச் சேர்த்ததைத் தனியாக வெட்டவும் முடியும். மறுவெளியீட்டில் நீளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கத்தரி முதலில் போவது அந்த இடத்துக்குத்தான்.

எனவே ஸ்கேனருக்கு அனுப்பும் முன் நீளத்தை அளந்து பாருங்கள். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம் (தனித்தனிப் படம்), நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி என்றால் சுமார் 11 நிமிடம். தணிக்கைச் சான்றிதழில் உள்ள நீளத்தையும் கையிலுள்ள ரீல்களின் நீளத்தையும் ஒப்பிட்டால் எவ்வளவு போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். சான்றிதழ் கிடைக்காவிட்டால், கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகம் கைகொடுக்கும். அதிலுள்ள கதைச்சுருக்கத்தையும் பாடல் வரிசையையும் படத்தோடு வைத்துப் பார்த்தாலே எந்தக் காட்சி இல்லை என்று பிடித்துவிடலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: உலகப் போர்க்காலப் பிலிம் தட்டுப்பாட்டின்போது படங்களுக்கு 11,000 அடி வரம்பு இருந்தது. ‘ஹரிதாஸ்’ (1944) இரண்டு மணி நேரத்தில் முடிவதைப் பார்த்து, ஏதோ வெட்டுப்பட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்தது ஒட்டுகள். புரொஜெக்டரில் பிலிம் அறுந்தால் ஆபரேட்டர் இரண்டு மூன்று பிரேமைக் கத்தரித்துவிட்டு ஒட்டுவார். பிரிண்டில் ஒலித்தடம், அதாவது ஒலி பதிவான ஓரப் பட்டை, அதற்குரிய படத்துக்கு ஏறக்குறைய 20 பிரேம் முன்னால் அச்சாகியிருக்கிறது. ஆகவே ஒரே வெட்டு இரண்டு இடத்தைக் கெடுக்கிறது: முகம் இங்கே துள்ளும், முக்கால் வினாடிக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி ஒரு சொல் விழுங்கப்படும். சண்டைக் காட்சியில் இதை யாரும் கவனிக்கமாட்டார்கள். மதுரம் கேட்டு கிருஷ்ணன் பதில் சொல்லும் இடத்தில் அந்த ஒரு சொல்தான் சிரிப்பே. இதைக் கணினியில் செயற்கையாக நிரப்ப முடியாது. வேறொரு பிரிண்டிலிருந்து எடுத்துத்தான் நிரப்ப வேண்டும். இரண்டு பிரிண்டுகள் ஒரே இடத்தில் அறுந்திருப்பது அபூர்வம். தேய்ந்த பிரிண்ட் என்று ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்னொருவரிடம் உள்ள நல்ல பிரிண்டின் ஓட்டையை அடைக்க அதுதான் உதவும்.

ஸ்கேன் செய்யும்போது பிரேமை முழுதாக எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலப் படங்களின் அகல உயர விகிதம் 1.37. அகலத்திரை டி.வி.யை நிரப்புவதற்காக 1.78 ஆக்கினால் உயரத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விடும். தலை தப்பினால் கால் போகும். ‘நல்லதம்பி’யில் (1949) வரும் கிந்தனார் காலட்சேபத்தைப் பாருங்கள். நந்தனார் கதையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, கல்வி தேடிப் போகும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பையனின் கதையை அவர் சொல்கிறார். கதை சொல்லும் பாகவதராக அவர் நிற்கும் நிலை, கை, கால், பக்கத்தில் இருப்பவர்களின் முகம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காட்சி. பக்கங்களில் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

வேகம் வினாடிக்கு 24 பிரேம்தான். பழைய வீடியோ பிரதிகள் பெரும்பாலும் 25இல் ஓடுகின்றன. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிகிறது, எல்லோருடைய குரலும் கீச்சென்று ஒலிக்கிறது. அந்தப் பிரதியையே மறுபடி கணினியில் ஏற்றி, இல்லாத பிரேம்களை உண்டாக்கி வழவழப்பாக்குவது இன்னும் மோசம். வண்ணம் பூசுவதையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

ஒலியில்தான் எங்களுக்குப் பெரிய பயம். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு மூச்சும் இரைச்சலும் ஒன்றுதான். ‘ராஜா ராணி’யில் (1956) சிரிப்பின் வகைகளை அவர் பாட்டாகவே செய்துகாட்டுகிறார். அதில் பாதி மூச்சு. முழு அளவில் இரைச்சலை நீக்கினால் அடக்கிய சிரிப்பும் பெருமூச்சும் அடிபட்டு, வெறும் ‘ஹா ஹா’ மட்டும் மிஞ்சும். சப்ளாக்கட்டையின் கூர்மையும் மழுங்கிவிடும். முதலில் ஒலித்தடத்தை எதுவும் செய்யாமல் அப்படியே ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள். கிளிக், வெடிப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கையால் நீக்குங்கள். அடியில் கேட்கும் சீறல் கொஞ்சம் இருக்கட்டும், காதுக்கு அது பழகிவிடும்.

இதெல்லாம் பிலிம் உயிரோடு இருந்தால்தான். 1950களின் தொடக்கம் வரை, எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமே பெரும்பாலும் புழங்கியது. ஓரத்தில் ‘நைட்ரேட்’ அல்லது ‘சேஃப்டி’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும், பாருங்கள். நைட்ரேட் அழியும்போது முதலில் மஞ்சளாகும், பிறகு பிசுபிசுக்கும், குமிழ்விடும், கடைசியில் பழுப்புத் தூளாகும். கெட்டுப்போனது கோடை வெயிலின் சூட்டுக்கே தீப்பிடிக்கலாம். பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது. 2003இல் புனேயில் நைட்ரேட் கிடங்கு எரிந்து ஏராளமான படங்கள் போயின. பிசுபிசுத்த ரீலைச் சுற்றிப் பார்க்காதீர்கள், மூடிய பெட்டியிலோ சாதாரணப் பார்சலிலோ அனுப்பாதீர்கள். தனியாக, காற்றோட்டமான, குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டுத் திரைப்படக் காப்பகத்தின் ஆட்களை வரவழையுங்கள். சேஃப்டி பிலிமில் தீ பயம் இல்லை, ஆனால் வினிகர் நாற்றம் வந்தால் நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ஆவி பக்கத்துப் பெட்டியையும் கெடுக்கும். அதை உடனே பிரித்து வையுங்கள். பிலிம் ஒரு சதவீதம் சுருங்கினாலே பிலிமை இழுக்கும் ஸ்பிராக்கெட் பற்கள் அதன் ஓர ஓட்டைகளைக் கிழிக்கத் தொடங்கும். பற்கள் இல்லாத ஸ்கேனர்தான் அதற்குச் சரி.

கொடுத்தால் உரிமை போய்விடுமோ என்ற தயக்கம் சிலருக்கு இருக்கிறது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். கலைவாணர் மறைந்த 1957இல் வெளியான படங்களுக்கே 2017 முடிவோடு அது தீர்ந்துவிட்டது. பாடல் வரிகளுக்கும் இசைக்கும் கணக்கு வேறு. பிலிம் உங்கள் சொத்து என்பதில் மாற்றமில்லை. பாதுகாப்புக்காக ஒப்படைக்கும்போது உடைமை உங்களுடையதே என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பணம் இருக்காது என்பது தெரியும். 1944 இறுதியில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் கைதாவதற்கு முன் வந்த படங்களின் பெட்டிகளை முதலில் திறந்து பாருங்கள். நைட்ரேட் அங்கேதான் அதிகம். பெட்டி மேல் படத்தின் பெயர், ரீல் எண், அடிக்கணக்கு, பிலிம் வகை, நாற்றம் உண்டா இல்லையா என்ற ஐந்தையும் எழுதி, அந்தப் பட்டியலின் ஒரு நகலைப் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். யாரிடம் எந்த ரீல் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒன்றின் குறையை இன்னொன்றால் நிரப்ப முடியும்.

இப்படிக்கு,
கலைவாணரின் படங்களை முழுமையாகப் பார்க்க விரும்புவோர்