ஓட்டுநர்களுக்கு உதவும் ஆங்கிலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மலை ரயிலில் பயணம் செய்ய நீலகிரிக்கு வரும் வெளிநாட்டவரிடம் பேசும்போது நம் ஆட்டோ ஓட்டுநர்களும் தேயிலைக் கடைக்காரர்களும் தடுமாறுவதற்கு இலக்கண அறியாமையைவிட எண்களின் உச்சரிப்பே பெருங்காரணம் என்று கருதுகிறேன். 'ஃபிஃப்டி' என்பதில் முதல் அசையை அழுத்த வேண்டும். 'ஃபிஃப்டீன்' என்பதில் பின்னசையை அழுத்தி, நீட்டிச் சொல்ல வேண்டும். சென்ற மாதம் குன்னூரில் ஓட்டுநர் ஒருவர் சொன்ன நூற்றைம்பது ரூபாய், பயணியின் காதில் நூற்றுப் பதினைந்தாக விழுந்து, இறங்கும் இடத்தில் சச்சரவாயிற்று. தொகையைத் தாளில் எழுதிக் காட்டியிருந்தால் அதுவும் நேர்ந்திராது.

ஒருவழிப் பயணச்சீட்டை பிரிட்டிஷார் 'சிங்கிள்' என்றும் அமெரிக்கர் 'ஒன் வே' என்றும் கேட்பர். நாம் சரளமாகச் சொல்லும் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' இன்று அவர்களுக்கு விளங்குவதில்லை. அது ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து வழக்கு என்பதுதான் வேடிக்கை. 'ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி' என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் கூச்சமின்றிச் சொல்லப் பழகினாலே பாதிச் சிக்கல் தீரும்.

கோடைப் பருவம் தொடங்குமுன், இத்தகைய வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில், அழுத்தக் குறிப்புடன், தங்கள் நாளிதழில் வாரந்தோறும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குன்னூர்.