பையன்களைக் கொஞ்சம் பேச விடுங்க, சார்

கோவில்பட்டி, திருநெல்வேலிப் பக்கத்து ஹாக்கிப் பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் போனாலும், எனக்குக் கோவில்பட்டி இன்னும் திருநெல்வேலிச் சீமைதான். அந்தக் கரிசல் தரையில் ஸ்டிக் பிடிக்கப் பழகியவன் நான். பிறகு ஜெர்மனியில் ஒரு சின்ன கிளப்புக்கு ஒரு சீசன் ஆடினேன்.

குளிரும் சாப்பாடும் பெரிய விஷயமில்லை. நான் போய் இறங்கியது சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் ஞாயிறு, கடைகளைப் பூட்டிவிடுவது அங்கே சட்டம். அம்மா பையில் திணித்திருந்த கடலை மிட்டாயைத் தின்றே பொழுது போனது. அடுத்த வாரம் குக்கர் வாங்கினேன், அந்தக் கவலை தீர்ந்தது.

தீராதது வேறு. முதல் மேட்ச்சில் தோற்றோம். மறுநாள் வீடியோ போட்டுக் காட்டிய கோச், ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்கே நீ ஏன் பின்னால் இறங்கினாய்?" என்று என்னைக் கேட்டார். காரணம் எனக்குத் தெரியும். இடது பக்கத்தைக் காக்க வேண்டிய எங்கள் லெஃப்ட் ஹாஃப் மேலே ஏறிப் போயிருந்தான், அவன் இடம் காலியாகக் கிடந்தது. அதைச் சொல்லியிருக்க வேண்டியதுதானே? நானோ எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு "சாரி சார்" என்றேன். அவர் கேட்டது கேள்வி. என் காதில் அது வசவாக விழுந்தது. பக்கத்தில் இருந்த பத்தொன்பது வயசுப் பையன், கோச்சைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு "நீங்க சொல்றது சரியில்ல" என்று வாதாடினான். நம்ம ஊராக இருந்தால் கிரவுண்டைப் பத்து ரவுண்டு சுற்ற விட்டிருப்பீர்கள்!

மூன்றாம் வாரம் என்னை வெளியே உட்கார வைத்தார்கள். "நீ என்ன நினைக்கிறன்னே தெரியல. உன்ன நம்பி எப்படிப் பந்து தர்றது?" என்றான் கேப்டன். நான் மரியாதை என்று நினைத்ததை அவர்கள் அக்கறையின்மை என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 2016 முதல் ஒவ்வோர் அணியிலும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் வைத்திருக்கிறார்கள். மொழிக்கு ஆள் வைக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை யார் மொழிபெயர்ப்பது?

வெளிநாடு போகிறவன் பாடு என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் ஆண்கள் அணி வெண்கலம் வாங்கியபோது கோச்சாக இருந்த கிரஹாம் ரீட் ஆஸ்திரேலியர். 2023-இல் அவருக்குப் பின் வந்த கிரெய்க் ஃபுல்டன் தென்னாப்பிரிக்கர். கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிவிட்டார்கள். அடுத்து போகிறவனிடமும் ஒரு வெள்ளைக்காரர் "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்கத்தான் போகிறார்.

மரியாதையை விட்டுவிடச் சொல்லவில்லை. 'சார்' என்றே கூப்பிடட்டும். பிராக்டிஸ் முடிந்ததும் பத்து நிமிஷம் வட்டமாக உட்கார வையுங்கள். இருப்பதிலேயே சின்னவனிடம் முதலில் கேளுங்கள். பெரியவன்களுக்கு அப்புறம் கேட்டால் அவன் வாயே திறக்க மாட்டான். எனக்குத் தெரியும், நானும் சின்னவனாக இருந்தவன்தான். அவன் உளறினாலும் யாரும் சிரிக்கக் கூடாது, நீங்களும்தான்.

மே மாதம் லீவில் ஊருக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம் கொடுங்கள். அந்த மேட்ச் வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டுக் காட்டுகிறேன். நான் இறங்கியது தப்பா சரியா என்று உங்கள் பையன்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உங்களிடம் அடியும் வாங்கி ஆட்டமும் கற்ற ஒருவன்