பால் கணக்கு நோட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். சித்தப்பா வீட்டுப் பசு கிடேரிக் கன்னு போட்டிருக்கு.

ஆராய்ச்சிக்கூடத்துல கையுறை போடாம எந்தச் சாறையும் தொடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. "ஒம்மக கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்காளாமே"ன்னு ஊருல கேக்குறாக. "செடிச் சாறு பட்டா நம்ம எதிர்ப்பு அணு என்ன செய்யுதுன்னு பாக்கா, மருந்தாகுமாங்கிறது அப்புறம்"னு நீ சொல்லிக்குடுத்தபடியே சொல்லுதேன். பெருமைதான். ஆனா நாலு வாரமா ஒரு போன் இல்லையே தாயி. பெத்தவகிட்ட பேச அஞ்சு நிமிஷம் கிடைக்கலையா?

மேலக்காட்டுல இந்த வருஷமும் நித்யகல்யாணிதான். ஆடு வாய் வைக்காதுன்னு அப்பா போட்ட செடி. அவுகளுக்கு ஏறின கேன்சர் ஊசி, வின்கிறிஸ்டின், அந்தச் செடியில இருந்து வந்ததுன்னு வார்டுல வச்சு நீதான சொன்னே. ஜமைக்காவுல சர்க்கரைக்குக் குடிச்ச இலையை 1950-கள்ல கனடாவுல எலிக்குப் போட்டுப் பாத்தாகளாம்; சர்க்கரை குறையாம வெள்ளை அணு குறைஞ்சுதாம். "நான் வித்த இலை எனக்கே திரும்பி வருதா"ன்னு அப்பா எப்படிச் சிரிச்சாக! பொறவு விரல் நுனி மரத்துப்போய் சட்டைப் பொத்தான் போடமுடியாம நின்னப்பவும் சிரிச்சாக.

நீ அனுப்புனதைப் படிச்சேன். கொரோனா நேரத்துல சீந்தில் குடிச்ச ஆறு பேருக்கு ஈரல் கெட்டுதுன்னு 2021-ல மும்பை டாக்டருங்க எழுதினது. கீழ ஒரு வார்த்தை நீ எழுதல. கேக்காட்டியும் சொல்லுதேன்.

குடுத்தேன். முதல் ஊசி முடிஞ்ச மறுநாள்ல இருந்து. வேம்புல ஏறின சீந்திலுக்குத்தான் குணம் கூடன்னு அந்தத் தண்டையே வெட்டி, காகிதம் மாதிரி உரியுற தோலைச் சுரண்டி, நசுக்கிக் கஷாயம் வச்சேன். ஒரு சொட்டு நாக்குல பட்டா மத்தியானம் வரைக்கும் கசக்கும். எதிர்ப்புச் சக்தி கூடட்டும்னு மடக்கு மடக்காக் குடுத்தேன். அவுகளுக்கு நோவே அந்த எதிர்ப்பு அணுவுலதான்னு டாக்டர் படம் வரைஞ்சு சொன்னப்ப நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்.

மூணாவது ஊசியன்னைக்கு ஈரல் கணக்கு ஏறியிருக்குன்னு தள்ளிவச்சாக. "நாட்டு மருந்து ஏதும் குடுத்தீங்களா"ன்னு டாக்டர் என்னையத்தான் கேட்டாரு. இல்லைன்னுட்டேன். அப்பா என் முகத்தைப் பாத்தாக. வாயத் திறக்கல.

கஷாயத்தாலயா, ஊசியாலயான்னு எனக்குத் தெரியாது. நீ படிச்ச படிப்புக்கும் இப்பச் சொல்ல முடியாதுன்னு நினைக்கேன். அன்னைக்கு நான் உண்மையச் சொல்லியிருந்தா அவரு அதை நிறுத்தியாவது பாத்திருப்பாரு.

என்னைக்கு எத்தனை விரக்கடைத் தண்டு போட்டேன், எத்தனை டம்ளர் குடுத்தேன், எல்லாம் பால் கணக்கு நோட்டுக்குப் பின்பக்கம் எழுதியிருக்கு. அதையும் இந்தக் கடுதாசியோட வச்சு அனுப்புதேன். படிச்சிட்டு வையணும்னா வையி, போன்லயே வையி.

கையுறை போட்டுக்கோ.

அம்மா