தீர்ப்புச் செய்தியில் பாதிதான் வருகிறது

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பு, கல்முனை மேல் நீதிமன்றத் தீர்ப்புகளை உங்கள் பத்திரிகை தவறாமல் போடுகிறது. நல்ல விசயம். ஆனால் “எதிரிக்கு (குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு) 30 ஆண்டு கடூழியச் சிறை” என்று தலைப்புப் போட்டால், அந்த 30 எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டாமா? மூன்று குற்றச்சாட்டுக்குத் தலா 10 ஆண்டு விதித்து, ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்று நீதிபதி கட்டளையிட்டிருந்தால் அது 10 ஆண்டுதான். அந்தக் கட்டளை இல்லாவிட்டால்தான் ஒன்று முடிய மற்றது தொடங்கும். இதை எழுதாமல் விட்டால், ஆள் வெளியே வரும் நாளில் “காசு கொடுத்து வந்திட்டான்” என்று தேத்தண்ணிக் கடையில் கதை கிளம்பும்.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை பல குற்றங்களுக்கு உச்ச அளவை மட்டுமே சொல்கிறது. கொள்ளைக்கு 10 ஆண்டு வரை. அதையே பொழுதுபட்டு விடிவதற்குள் செய்தால் 14 வரை. கைமோசக் கொலைக்கு, அதாவது கொலைக் குற்றம் என்ற அளவுக்குப் போகாத ஆட்கொலைக்கு, 20 வரை. கொலை என்றால் நீதிபதிக்குத் தெரிவே இல்லை, மரண தண்டனைதான் (1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பது வேறு கதை). ராஜகிரிய ரோயல் பார்க் அடுக்குமாடியில் இளம்பெண் கொல்லப்பட்ட வழக்கில் மேல் நீதிமன்றம் கைமோசக் கொலை என்று 12 ஆண்டு கொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அது கொலைதான் என்று மரண தண்டனை விதித்தது. ஆளும் சம்பவமும் ஒன்றேதான். ஆகவே எந்தப் பிரிவில் குற்றவாளியாகக் காணப்பட்டார் என்பதை முதல் பந்தியிலேயே போடுங்கள்.

ஹெரோயின் வழக்கிலும் இதே குறை. பிடிபட்ட பொதியின் நிறையைப் பெரிதாக எழுதுகிறீர்கள். வழக்கில் கணக்கெடுப்பதோ அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையில் உள்ள தூய ஹெரோயினின் நிறையை மட்டும். அது 2 கிராமும் அதற்கு மேலும் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள்.

சனம் கூடுதலாகக் கோபப்படுவது சிறுமியர் வழக்குகளில். தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995இல் வந்த திருத்தம் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மீதான வன்புணர்வுக்குக் (பிள்ளை சம்மதித்தாலும் சட்டத்தில் அது வன்புணர்வுதான்) குறைந்தது 10 ஆண்டு என்றது. 2008இல் நாட்டின் அதியுச்ச மன்றமான உயர் நீதிமன்றம், அந்தக் குறைந்தபட்சம் நீதிபதியின் தற்றுணிபைக் கட்டிப்போட முடியாது என்றது. அதன் பிறகு சில வழக்குகளில் ஒத்திவைக்கப்பட்ட 2 ஆண்டுச் சிறை வருகிறது, அதாவது மறுபடி குற்றம் செய்யாவிட்டால் உள்ளே போகத் தேவையில்லை. எதிரி, அந்தப் பிள்ளையோடு சேர்ந்து ஓடிப்போன பதினெட்டு வயதுப் பொடியனா, ஐம்பது வயது உறவினரா? முதலாமவர் என்றால் எனக்கு அது விளங்குகிறது. இரண்டாமவருக்கு அப்படிக் கொடுத்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும், சட்டமா அதிபர் ஏன் மேன்முறையீடு செய்யவில்லை என்பது உட்பட. உங்கள் செய்தியில் எதிரியின் வயதும் இல்லை, நீதிபதி சொன்ன காரணமும் இல்லை. பிறகு எதை வைத்துக் கேட்பது?

குற்றத்தை ஒப்புக்கொண்டாரா, முன் குற்றம் உண்டா, ஆயுதம் இருந்ததா, நட்டஈடு எவ்வளவு, கட்டத் தவறினால் இன்னும் எத்தனை மாதம் — எல்லாம் திறந்த மன்றில் வாசிக்கப்படுபவைதான். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டாமலே இவற்றை எழுதலாம். உங்கள் நிருபர் தண்டனையைக் குறித்துக்கொண்டதும் எழும்பிப் போகாமல் இன்னும் பத்து நிமிடம் இருந்தால் போதும்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுவினைஞர்,
களுவாஞ்சிகுடி.