சாலொமோன் வாசலா, ஆகாப் வாசலா?

இஸ்ரயேல் நாட்டில் ஆத்சோர், மெகிதோ, கேசேர் என்னும் பழைய ஊர் மேடுகளை அகழும் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். 1 இராஜாக்கள் 9:15-ஐ, 'அமஞ்சி ஆட்கள்' (கட்டாய வேலையாட்கள்) என்ற பழஞ்சொல்லோடு சிறுவயதிலேயே படித்தவன் நான். இந்த மூன்று ஊர்களையும் சாலொமோன் கட்டியதாக அந்த வசனம் சொல்கிறது. மூன்றிலும் ஆறு அறை வாசல் (வழியின் இருபுறமும் மும்மூன்று அறைகள் கொண்ட கோட்டை வாசல்) இருப்பதைப் பார்த்த தொல்லியலாளர் யிகேல் யாதின், 1958இல் எல்லாம் ஒரே ராஜாவின் வேலை என்று எழுதினார். கேசேரில் அவர் தோண்டக்கூட இல்லை. கேசேரை அகழ்ந்த மெக்காலிஸ்டர் அரை நூற்றாண்டுக்கு முன், சாலொமோனுக்கு வெகுகாலம் பிந்திய மக்கபேயர் கோட்டை என்று வரைந்துவைத்த படத்துக்குள்ளேயே பாதி வாசலைக் கண்டுகொண்டார். அந்தக் கண் யாருக்கு வரும்!

ஆனால் அதே அமைப்பு லாகீசிலும் உண்டு, பெலிஸ்தரின் அஸ்தோத்திலும் உண்டு. 1996இல் தொல்லியலாளர் இஸ்ரயேல் ஃபிங்கெல்ஸ்டைன் இந்த வாசல்களின் மண்ணடுக்குகளைச் சாலொமோனின் கி.மு. 10ஆம் நூற்றாண்டிலிருந்து 9ஆம் நூற்றாண்டுக்கு, ஆகாப் ராஜாவின் உம்ரி வம்சத்துக்கு இறக்கினார். உம்ரி வம்சத்தார் கட்டிய யெஸ்ரயேலின் பானைகளும் மெகிதோ அரண்மனை அடுக்கின் பானைகளும் ஒத்திருந்தது அவருக்குப் பெரிய பிடி. இன்னொரு தொல்லியலாளரான அமிகாய் மசாரோ, அந்தப் பானை வகை இரண்டு நூற்றாண்டிலும் புழங்கியது என்றார். அப்படியென்றால் பானையை வைத்து இந்த வழக்கு முடியாது.

சரி, கரிமக் கணிப்பு (விதை, கரி போன்றவற்றின் கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்வது) முடிக்குமா? எரிந்த தரையில் கிடைக்கும் தானியமும் ஒலிவக் கொட்டையும் கட்டடம் அழிந்த காலத்தைத்தான் சொல்லும். கட்டிய காலம் அடித்தளத்துக்குக் கீழே இருக்கிறது. எருசலேமில் கீகோன் ஊற்றுக் கோபுரத்தை மத்திய வெண்கலக் காலத்தது (கி.மு. 1700 வாக்கிலானது) என்றே நம்பியிருந்தோம். அதன் பெருங்கற்களுக்கு அடியிலிருந்த மண்ணைச் சோதித்து 2017இல் வெளியிட்ட தேதிகள் கி.மு. 9ஆம் நூற்றாண்டைக் காட்டின. எண்ணூறு ஆண்டுக்கு மேல் வித்தியாசம்! உங்கள் வாசல் சண்டையோ நூறாண்டுக்குள் நடப்பது.

கேசேரில் 2023இல் வெளியான தேதிகள் வாசல் அடுக்கைக் கி.மு. 10ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வைக்க இடம் தருகின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனாலும் கேசேரின் தேதியை மெகிதோவுக்குக் கடன் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வாசலுக்கும் அதன் கல்லுக்கு அடியிலிருந்தே விதை எடுங்கள். எந்த அடுக்கு, எந்த ஆழம், தரைக்கு மேலா கீழா என்ற விவரத்தையும் தேதியோடு சேர்த்து வெளியிடுங்கள். அதுவரை, பார்க்க வருகிறவர்களுக்கான பலகையில் இரண்டு காலத்தையும் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வேதாகம வாசகன்