பழைய அச்சு, புதுப் பெட்டி: லாரி கிட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய லாரி கிட்களை, அதாவது பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடல் லாரிகளை, மறுவெளியீடு செய்யும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலிருந்து எழுதுகிறேன். பிறந்தது நாமக்கல் பக்கம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவன். இங்கே வந்த பிறகும் பிழைப்பு லாரியோடுதான். கிளேர்வுட்டில் டிரெய்லர் ரிப்பேர் பட்டறை ஒன்றில் வேலை. பகலெல்லாம் இரண்டு டிரெய்லர் கோத்த 22 மீட்டர் நீள இன்டர்லிங்க் வண்டிகளின் அடியில் கிடப்பேன். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அதே லாரியை 24ல் ஒரு பங்கு அளவில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்கள் கிட்களை இருபது வருஷமாக வாங்குகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

2024 தீபாவளிக்கு ஒரு பெட்டி வாங்கினேன். 1980களில் ஐரோப்பாவில் ஓடிய, மூக்கில்லாத தட்டை முகக் கேபின் லாரி. விலை 1,650 ராண்ட். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எழுதப்போவதில்லை. இந்தக் குறைகளை ஒருவரிடம் மட்டும் நான் பார்க்கவில்லை.

அதை வாங்கியதே பக்கத்து வீட்டுப் பெரியவருக்காக. எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் எல்லோரும் அவரை அங்கிள் என்பார்கள். நான் மாமா என்று கூப்பிடுவேன். அந்த லாரியில் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்குக்கும் இடையே என்3 சாலையில் முப்பது வருஷம் போய்வந்தவர். பாரத்தோடு வான் ரீனன் கணவாயை எந்த கியரில் இறக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பாட்டி பேசக் கேட்டுப் பழகிய தமிழ் அவருடையது. பெயின்ட் அடிக்கும் முன்பு, ஒட்டியது ஒட்டியபடி அவர் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "முகம் வேற வண்டியோடது தம்பி" என்றார். திருப்பி, பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "டயரு சின்னதா இருக்கே?"

முகம் விஷயம் எனக்கே தெரியும். பெட்டிப் படத்தில் இருந்தது பிந்தைய வருஷத்து வண்டியின் கிரில் (முகப்பு வலை). உள்ளே வந்தது முந்தைய கிரில், ஆனால் பம்பர் மட்டும் பிந்தையது. அப்படி ஒரு லாரி எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளியே வந்ததில்லை. டயர் விஷயம் எனக்குப் படவில்லை. உடனே வெர்னியரை எடுத்து அளந்தேன். 43 மில்லிமீட்டர். மறுநாள் துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் ரோட்டில் வரிசையில் நின்ற வண்டி ஒன்றில், டிரைவரிடம் கேட்டுக்கொண்டு, டேப் வைத்துப் பார்த்தேன். 315/80 ஆர்22.5 டயர், உயரம் சுமார் 1,075 மில்லிமீட்டர். 24ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 45 வர வேண்டும். 43 வருவது 25ஆல் வகுத்தால்தான். 1/24 என்று அச்சடித்த பெட்டிக்குள் 1/25 டயரைப் போட்டிருக்கிறீர்கள். இரண்டு மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை. முப்பது வருஷம் அந்த வண்டியில் ஏறி இறங்கியவர் கண்ணுக்கு அது தப்பவில்லை.

இது ஏன் நடக்கிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. கிட்டின் பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் அச்சு எஃகில் வெட்டப்படுகிறது. சில வருஷம் கழித்து லாரிக்காரர்கள் கிரில்லையும் பம்பரையும் மாற்றுகிறார்கள். நீங்களும் அதே அச்சில் உலோகத்தைச் செதுக்கிப் புதிய பாகத்துக்கு இடம் பண்ணுகிறீர்கள். செதுக்கிய உலோகத்தைத் திரும்ப வைப்பது லேசான காரியமில்லை, அதனால் பழைய பாகம் போனது போனதுதான். அப்புறம் அச்சுகள் கை மாறுகின்றன. அமெரிக்காவின் கிட் கம்பெனி ஏ.எம்.டி. 1978ல் லெஸ்னியிடம் போனது, பிறகு எர்ட்டில், இப்போது ரவுண்ட் 2. இத்தாலியின் எஸ்கி லாரி அச்சுகள் இட்டாலெரியிடம் வந்தன. இத்தனை கை மாறும்போது எந்த அச்சில் எதை எப்போது மாற்றினார்கள் என்ற குறிப்பு தொலைந்துபோவது இயல்பு. ஆனால் பெட்டியை மூடும் முன்பு ஒரு செட்டை எடுத்து ஒருவர் ஒட்டிப் பார்த்திருந்தால் முகம் பொருந்தவில்லை என்று ஒரே சாயங்காலத்தில் தெரிந்திருக்கும்.

விலைக்கு வருகிறேன். இதே அச்சில் வந்த முந்தைய பதிப்பை 2014ல் 590 ராண்டுக்கு வாங்கினேன். பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்போது ஒரு டாலர் சுமார் 11 ராண்ட், 2024ல் சுமார் 18. எங்கள் ராண்ட் விழுந்தது உங்கள் குற்றமில்லை. எங்கள் அரசு 2018ல் வாட் வரியை 14லிருந்து 15 சதவீதமாக்கியதும் உங்கள் குற்றமில்லை. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் 590 என்பது 975 ராண்ட் பக்கம்தான் வருகிறது. மீதி 675ல் கப்பல் வாடகை இருக்கலாம், கடைக்காரர் பங்கு இருக்கலாம், லாரிக் கம்பெனிக்கும் டயர் கம்பெனிக்கும் கட்டும் லைசென்ஸ் பணம் இருக்கலாம். சரி. ஆனால் அதே அலமாரியில் புதிதாக அச்சு வெட்டிய கிட் ஒன்று 1,800க்கு இருந்தது. புது அச்சுக்கு எவ்வளவு செலவாகும் என்று பட்டறைக்காரனுக்குத் தெரியும். அந்தச் செலவு தலையில் இல்லாத பொருளுக்கு ஏறக்குறைய அதே விலை கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பணம் கொடுத்து வாங்கியதில் பிசிறு சீவவே இரண்டு ராத்திரி போயிற்று. சேஸிஸ் நீளவாக்கில் முறுக்கிக்கொண்டிருந்தது. கேபின் கதவில் குழிகள், அதற்குப் பட்டி பார்த்துத் தேய்த்தேன்.

பழைய அச்சு என்பது கேவலமில்லை. எனக்குப் பழசு பிடிக்கும். அது பழசு என்று பெட்டியில் சொல்லுங்கள், அவ்வளவுதான். பிரிட்டனின் கிட் கம்பெனி ஏர்ஃபிக்ஸ் தன் பழைய அச்சுகளை 'வின்டேஜ் கிளாசிக்ஸ்' என்று தனி வரிசையாகவே விற்கிறது. வாங்குகிறவன் தெரிந்து வாங்குகிறான், பட்டி டப்பாவையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறான். லாரி கிட்டிலும் பெட்டியின் பக்கவாட்டில் அச்சு வெட்டிய வருஷம், எந்தெந்தப் பாகம் புதிது, படத்தில் இருக்கும் எது உள்ளே இல்லை என்று போட்டுவிடலாம். பெட்டி அச்சடிக்கும் கூலிகூட ஏறாது.

டயரைத் தனிப் பையில் போடுங்கள். மெத்தென்ற வினைல் டயரிலிருந்து கசியும் எண்ணெய் போன்ற பொருள் பிளாஸ்டிக்கை அரிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டர்பன் வெயிலில் அது இன்னும் சீக்கிரம். என் பெட்டியில் டயர் முன்கண்ணாடி மேல் சாய்ந்து, கண்ணாடியில் வட்டமாக ஒரு தழும்பு. ஒரு பாலித்தீன் பை இருந்திருந்தால் போதும், கண்ணாடி தப்பித்திருக்கும்.

அடுத்தது ஸ்டியரிங். எங்கள் நாட்டில் வண்டி இடது பக்கம் ஓடுகிறது, ஸ்டியரிங் வலது பக்கம். இந்தியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, மொரிஷியஸ் எல்லாம் அப்படித்தான். கார் கிட்கள் சிலவற்றில் இரண்டு பக்கத்துக்கும் டேஷ்போர்டு தருகிறார்கள். என் பெட்டியில் இடது பக்கத்துக்கு மட்டும்தான் இருந்தது. மாமா ஓட்டிய வண்டியாக்க டேஷ்போர்டை மூன்று துண்டாக அறுத்து மாற்றி ஒட்டினேன். பெடலைப் பெயர்த்தேன். சேஸிஸில் ஸ்டியரிங் பாக்ஸையும் அதன் ராடையும் வலது பக்கம் கொண்டுபோனேன். வைப்பர்கூடத் திசை மாற வேண்டும். நான்கு ராத்திரி ஆயிற்று. பாகங்கள் கோத்து வரும் சின்ன பிளாஸ்டிக் சட்டம் ஒன்றில் ஏழெட்டுப் பாகம் கூடுதலாகப் போட்டால் இத்தனை நாட்டுக்காரர்களுக்கும் வேலை மிச்சம். அதற்கு 50 ராண்ட் கூடக் கேளுங்கள், சந்தோஷமாகத் தருவேன்.

வண்டி இப்போது மாமா வீட்டில், சாமி படத்துக்குக் கீழே இருக்கும் அலமாரியில் நிற்கிறது. கொடுத்த அன்று ஜன்னல் வழியாகச் சுண்டுவிரல் நுனியை விட்டு ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. டயரை நான் இன்னும் மாற்றவில்லை, சரியான அளவு கிடைத்ததும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பட்டறைக்கு வரும் வண்டிகளையும் பேஹெட் ரோட்டில் நிற்கும் வண்டிகளையும் அளந்து ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். வீல்பேஸ், பின் ஆக்சில் இரண்டுக்கும் இடைவெளி, டீசல் டேங்க் விட்டம், டிரெய்லரைக் கோக்கும் ஃபிஃப்த் வீலின் உயரம், கேபின் படிக்கட்டின் அளவு எல்லாம் மில்லிமீட்டரில், வலது பக்க ஸ்டியரிங் வண்டிகளின் சேஸிஸ் படங்களோடு. அடுத்த பதிப்புக்கு முன்பு உங்களில் யார் கேட்டாலும் நகலெடுத்து அனுப்புகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
டர்பனிலிருந்து ஒரு டிரெய்லர் பட்டறைத் தொழிலாளி